கல்லூரி தந்த முறை, ஊர் போட்ட சாலை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

சேலம் என்னும் பெயர் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில் ஆரிகன் என்றொரு மாநிலம் உள்ளது. அதன் தலைநகரத்தின் பெயரும் சேலமே. ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கள்கூட ஒன்றுதான். நம் சேலம் சேர்வராயன் மலையடியில் இருக்கிறது. மலையைக் குறிக்கும் ‘சைலம்’ என்னும் சொல்லே சேலம் ஆயிற்று என்பர் சிலர். அவர்களுடைய சேலம் வில்லாமெட் ஆற்றங்கரையில் இருக்கிறது. விவிலியத்தில் மெல்கிசெதேக்கு அரசராயிருந்த சாலேமின் பெயரைத் தாங்கியது. 2010-ஆம் ஆண்டில் அங்கே சுமார் ஒன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் மாநகராட்சியின் மக்கள்தொகை எட்டு இலட்சத்துக்கும் மேல். ஆகவே நாமே பெரியவர்கள். ஆயினும் அந்தச் சின்னச் சேலம் செய்த ஒரு காரியத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அந்நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், யூஜீன் என்னும் ஊரில், ஆரிகன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009-இல் அப்பல்கலைக்கழகம் ‘நிலைத்த நகர ஆண்டு’ என்று பொருள்படும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஓர் ஆண்டுக்கு ஒரு நகரம் என்பது ஏற்பாடு. முதலாண்டில் கிரெஷாம் என்னும் ஊரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டு, அதாவது 2010–11-இல், சேலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

‘நிலைத்த நகரம்’ என்றால் என்ன என்று கேட்கலாம். இன்று நாம் குடிக்கும் நீரையும், மூச்சு விடும் காற்றையும், கால் வைக்கும் மண்ணையும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் மீதி வைத்துவிட்டு வாழும் நகரம் எனலாம். இதைச் சொல்வது எளிது. செய்ய வேண்டியவர்கள் நகர மன்றத்தார். அவர்களுக்கோ அன்றாட வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. குழாய் உடைந்தால் ஓட வேண்டும். தெருவிளக்கு அணைந்தால் ஓட வேண்டும். உட்கார்ந்து அளந்து, கணக்கிட்டு, நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. மறுபக்கத்தில் கல்லூரிகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக ஆய்வேடுகளும் வரைபடங்களும் செய்கிறார்கள். மதிப்பெண் வாங்கியதும் அவை பரணுக்குப் போகின்றன. (நம் செய்முறை நோட்டுகள் எடைக்கடைக்குப் போவதைப் போல என்று சொன்னால் சிஸ்டர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) ஓரிடத்தில் ஆள் இல்லாத வேலை, இன்னோரிடத்தில் வேலையில்லாத உழைப்பு. இரண்டையும் இணைத்ததுதான் அந்தத் திட்டம்.

இணைத்த முறையிலேதான் நுட்பம் இருக்கிறது. பேராசிரியர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு வந்து நகரத்தின் தலையில் கட்டவில்லை. முதலில் நகர அலுவலர்கள் தங்களுக்கு எவை வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். ஆற்றோரத்து நிலத்தை என்ன செய்யலாம், சைக்கிளில் போவோருக்கு வழிகளை எப்படித் தொடர்ச்சியாக அமைக்கலாம், பூங்காக்களை எப்படித் திருத்தலாம் என்பன போன்ற கேள்விகள் அவை. பல்கலைக்கழகம் இதற்காகப் புதிய வகுப்பு எதையும் திறக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கட்டடக்கலை, திட்டமிடல், சட்டம், வணிகம் முதலிய வகுப்புகளுக்குள் அந்தக் கேள்விகளைப் பகிர்ந்து வைத்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஓராண்டு முழுவதும் ஒரே நகரத்தைப் பற்றிச் சிந்தித்தார்கள். நகரம் அதற்குப் பணமும் கொடுத்தது. இலவசமாக வருவதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்பது எல்லா நாட்டுக்கும் பொது போலும்! இந்த முறையைப் பின்னர் வேறு பல பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டன. இன்று அதற்கென்று ஒரு பன்னாட்டு அமைப்பே இருக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய கூட்டுறவு உண்டா எனில், உண்டு. அதுவும் ஆரிகனுக்கு முன்னரே, நம் தமிழ்நாட்டிலேயே தொடங்கிவிட்டது. அது பட்டியலில் தொடங்கவில்லை, குப்பையில் தொடங்கியது.

மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-இல் கருமுத்து தியாகராசச் செட்டியாரால் நிறுவப்பட்டது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் இராசகோபாலன் வாசுதேவன். பிளாஸ்டிக் குப்பையை மண்ணில் புதைக்காமலும் நெருப்பில் எரிக்காமலும் என்ன செய்யலாம் என்று அவர் ஆராய்ந்தார். தாருடன் சேர்க்கலாம் என்பது அவருக்குத் தோன்றிய வழி. தாரும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்தின் பிள்ளைகள். இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்கள். நாம் வகுப்பில் படிக்கும் எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியானால் பாலித்தீன். உறவினரை உறவினர் ஒட்டிக்கொள்வது போலத் தாரும் பாலித்தீனும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு இருவரும் அந்நியர்.

தாரில் பிளாஸ்டிக்கைப் போட்டுக் கலக்குவதை மற்றவர்களும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் நிறையப் போட்டால் அது தாரில் சீராகக் கலப்பதில்லை. தனியே பிரிந்து நிற்கும். வாசுதேவன் செய்த மாறுதல் சிறியது, ஆனால் முக்கியமானது. அவர் பிளாஸ்டிக்கைத் தாரில் போடவில்லை. கல்லின் மேல் போட்டார்.

சாலை போடும் இடத்தில் கருங்கல் ஜல்லியை முதலில் சுமார் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். இது எப்போதும் செய்வதுதான். அந்தச் சூடான ஜல்லியின் மேல், சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், ஒரு நிமிடத்துக்குள் அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுப்போல் படிந்துவிடும். அதன் பிறகு சூடான தாரை ஊற்றிக் கலந்து, வழக்கம்போல் பரப்பி, ரோடு ரோலரை ஓட்ட வேண்டியதுதான். புதிய ஆலை வேண்டாம். பெரிய இயந்திரம் வேண்டாம். வெளிநாட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

இதனால் சாலைக்கு என்ன இலாபம்? கருங்கல் வழவழப்பாகத் தோன்றினாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மழைநீர் அவற்றுள் இறங்கிக் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. பிறகு ஒரு லாரிச் சக்கரம் ஏறினால் ஜல்லி பெயர்கிறது. ஜல்லி பெயர்ந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய இடம் குழியாகிறது. ஐப்பசி மழை முடிந்ததும் நம் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தப் பாடத்தை நேரில் காணலாம். பிளாஸ்டிக் பூசிய கல்லில் துளைகள் அடைபட்டுப் போவதால் நீருக்கு வழி இல்லை. தாரும் இறுகப் பிடிக்கிறது.

“பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் விஷப்புகை வராதா?” என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பாலித்தீன் வகைகள் 130, 140 டிகிரி அளவில் இளகத் தொடங்குகின்றன. சிதைந்து வாயுவாவது 250 டிகிரிக்கும் மேலே. சாலை வேலை இவ்விரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. ஆகவே அது உருகுகிறது, எரிவதில்லை. தெருமுனையில் குப்பையோடு கொளுத்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒரு விலக்கு மட்டும் உண்டு. தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி. என்னும் வகையில் குளோரின் இருக்கிறது. அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது இந்தக் கலவையில் ஒரு துண்டுகூடச் சேரக் கூடாது. அப்படியானால் குப்பையைப் பிரிப்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

இதுவரை நடந்தது கல்லூரியின் வேலை. 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு சாலை போட்டுப் பார்த்தார்கள். ஆனால் கல்லூரி வளாகத்தில் லாரி ஓடுமா? மீன் வண்டி சொட்டுமா? சாக்கடை பொங்குமா? ஒரு சாலையைச் சோதிக்க உண்மையான தெரு வேண்டும். தெருக்கள் எல்லாம் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் உரியவை. எவ்வளவு பெரிய பேராசிரியராயிருந்தாலும் தம் விருப்பப்படி ஒரு முழம் தெருவைக்கூடத் தோண்ட முடியாது. கோவில்பட்டியில் ஒரு சிறு துண்டுச் சாலையும், சென்னையில் ஜம்புலிங்கம் தெருவும் 2002-ஆம் ஆண்டளவில் இம்முறையில் போடப்பட்டன. பின்னர் தமிழ்நாட்டு ஊரக வளர்ச்சித் துறை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சிற்றூர்ச் சாலைகளை இவ்விதம் அமைத்தது. பிளாஸ்டிக்கைச் சேகரித்துத் துண்டாக்கும் வேலை பல ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கிடைத்தது. அதே காலத்தில் பெங்களூரில் பிளாஸ்டிக் பை செய்துவந்த ஒரு நிறுவனமும், அவ்வூர்க் கல்லூரிகளும், மாநகராட்சியும் சேர்ந்து இதே வழியில் சாலை போடத் தொடங்கியிருந்தன.

இனி ஒரு கேள்வி. வழி கண்டுபிடித்தாயிற்று, செலவும் அதிகமில்லை. உடனே எல்லா ஊர்களும் செய்திருக்க வேண்டுமே, ஏன் செய்யவில்லை? என் எண்ணத்தில் இந்தக் கதையின் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான். ஆனால் செய்தித்தாள்களில் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

ஒரு நகராட்சிப் பொறியாளர் சாலை போட வேண்டுமானால் மதிப்பீடு தயாரிக்க வேண்டும். மதிப்பீட்டில் எழுதும் ஒவ்வொரு பொருளுக்கும் அரசின் விலைப்பட்டியலில் இடம் இருக்க வேண்டும். செய்யும் முறைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விதிநூல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். “பழைய பாலித்தீன் பை, இவ்வளவு கிலோ” என்று எழுதிவிட்டு, நாளைக்குச் சாலை பெயர்ந்தால் அவர் யாரைக் கைகாட்டுவார்? “மதுரைப் பேராசிரியர் நல்லது என்றார்” என்பது தணிக்கையில் செல்லாது. அவரைக் கோழை என்று சொல்வது எளிது. ஆனால் பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவர் அப்படித்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே கல்லூரியின் சொல்லுக்கும் பொறியாளரின் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டியிருந்தது. அதைக் கட்டப் பதினொரு ஆண்டுகள் ஆயின. 2006-இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. பேராசிரியர் அம்முறையை அரசுக்கு இலவசமாகவே அளித்தார். 2008-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சில ஆண்டுகள் பழகிப்போன பிளாஸ்டிக் சாலைகளைச் சோதித்த அறிக்கையை வெளியிட்டது. ஜம்புலிங்கம் தெருவும் அவற்றுள் ஒன்று. குழியும் பள்ளமும் பெயர்வும் இல்லாமல் அவை நன்றாகவே இருந்தன. 2013-இல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கென்றே ஒரு வழிகாட்டி விதிநூலை வெளியிட்டது. சிறிய புத்தகம்தான், ஆனால் நாட்டிலுள்ள எந்தப் பொறியாளரும் அதன் எண்ணைக் குறிப்பிட்டுத் துணிந்து கையெழுத்திடலாம். 2015 நவம்பரில், ஐந்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் தார்ச்சாலை போடுவோர் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. 2018-இல் பேராசிரியர் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த ஐம்பது கிலோமீட்டரை நம் வரைபடத்தில் வட்டமாகப் போட்டுப் பாருங்கள். எட்டு இலட்சம் மக்களுள்ள சேலத்தை நடுவில் வைத்துக் காம்பஸை ஓட்டினால் ஓமலூர், மேட்டூர், சங்ககிரி, ராசிபுரம் எல்லாம் உள்ளே வருகின்றன. நாமக்கல் ஏறக்குறைய வட்டத்தின் கோட்டின் மேலேயே நிற்கிறது. அதாவது, நம் பள்ளி மாணவியர் பலர் நாள்தோறும் பேருந்தில் வரும் வழிகளில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் வட்டம் போட்டதும் சாலை வந்துவிடுவதில்லை. சாலைக்குப் பிளாஸ்டிக் வேண்டும். அதுவும் சுத்தமாய், உலர்ந்ததாய், பி.வி.சி. கலவாததாய் வேண்டும். இங்கேதான் கல்லூரியும் ஒன்றும் செய்ய முடியாது, தில்லியும் ஒன்றும் செய்ய முடியாது. நகராட்சியும் வீடுகளுமே செய்ய முடியும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டேன். 3.75 மீட்டர் அகலமுள்ள ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் போடச் சுமார் பத்து டன் தார் வேண்டும். இம்முறையில் அதில் ஒரு டன்னுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கலாம். ஒரு டன் என்பது எவ்வளவு? அரை லிட்டர்ப் பால் உறை ஒன்று சுமார் இரண்டரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டன்னுக்கு நான்கு இலட்சம் உறைகள். எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு உறை. நாங்கள் மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு இலட்சம் நாள், அதாவது ஐந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! விசயநகரப் பேரரசு இருந்த காலத்திலேயே எங்கள் முன்னோர் சேர்க்கத் தொடங்கியிருந்தால்தான் இன்று ஒரு கிலோமீட்டர் சாலை கிடைத்திருக்கும்.

அதே கணக்கை மாநகராட்சிக்குப் போட்டேன். எட்டு இலட்சம் பேரை வீட்டுக்கு நால்வர் என்று வகுத்தால் இரண்டு இலட்சம் வீடுகள். வீட்டுக்கு இரண்டு உறை என்றால் நான்கு இலட்சம் உறைகள். அதாவது ஒரே நாள்!

ஐந்நூற்று நாற்பது ஆண்டும் ஒரு நாளும் ஒரே கணக்கின் இரு விடைகள். நடுவில் நிற்பது மாநகராட்சியின் வண்டி. அது தெருத்தெருவாக வந்து சேர்த்தால் ஒரு நாள். வராவிட்டால், அல்லது வந்தும் நாம் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டினால், ஒருபோதும் இல்லை. (பால் உறையை இங்கே அளவுகோலாகத்தான் சொன்னேன். நன்கு கழுவிய பால் உறைக்கு எடைக்கடையிலேயே விலை உண்டு. யாரும் விலைக்கு வாங்காத மெல்லிய பைகளுக்கும் உறைகளுக்கும்தான் சாலை உண்மையில் உதவுகிறது.)

வீட்டில் உறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டபோது எங்கள் அம்மாயிக்குக் கோபம் வந்தது. “மேட்டூர்லேருந்து வர்ற காவேரித் தண்ணிய ஊத்திக் குப்பையக் கழுவச் சொல்றாங்களா உங்க பள்ளிக்கூடத்துல?” என்று கேட்டார்கள். யோசித்தால் அதுவும் ஒரு ‘நிலைத்த நகர’க் கேள்விதான். ஒன்றைக் காக்க இன்னொன்றை வீணாக்குவது எப்படிச் சரியாகும்? முடிவில் அம்மாயியே வழி சொன்னார்கள்: பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசினால் போதும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம்.

கழுவாமல் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பார் ஒட்டிய பை, புளித்த பால் உறை, பாப்பாவின் அழுக்குத்துணி எல்லாம் ஒரே மூட்டையில் போனால், அவற்றைப் பிரிப்பது ஏதோ ஓர் இயந்திரம் அன்று. ஒரு தூய்மைப் பணியாளரின் கைகள். பெரும்பாலும் நம் அம்மா வயதுள்ள ஒரு பெண்மணியின் கைகள். கல்லூரியின் காப்புரிமைத் தாளிலும் விதிநூலிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் பி.வி.சி. துண்டைக் கண்டுபிடித்துத் தனியே எறிபவர் அவர்தான். நாட்டின் திடக்கழிவு விதிகள் 2016-லேயே குப்பையை வீட்டிலேயே மட்கும் குப்பை, உலர்ந்த குப்பை, ஆபத்தான குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டன. சொல்லி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இப்பகுதியில் இதை முன்னரே செய்து காட்டிய ஊர் நாமக்கல். 2000-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்நகராட்சி தெருக் குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டு, வீட்டு வாசலிலேயே குப்பையைப் பெற்றுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்து பெயர் வாங்கியது. தொட்டியே இல்லாவிட்டால் ஊர் நாறிப்போகும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் தொட்டி இருந்தால்தான் அதைச் சுற்றிக் கொட்டுவார்கள் என்பது அவர்களுடைய வாதம். 2024-இல் நாமக்கல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஊரின் எல்லையும் விரிந்தது. சிறிய ஊரில் செய்த ஒழுங்கைப் பெரிய ஊரில் தொடர்வது கடினமான வேலை. சேலத்துக்கு அது நன்றாகவே தெரியும். நம் குப்பை நெடுங்காலம் எருமாபாளையத்துக்குப் போயிற்று; பிறகு செட்டிச்சாவடிக்குப் போகத் தொடங்கியது. இடம்தான் மாறுகிறது, குப்பை எங்கும் மறைந்துபோவதில்லை.

சாலை இருக்கிறதே என்று பிளாஸ்டிக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா? கூடாது என்பதே என் கருத்து. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. ஆயினும் தட்டுவடை செட் வாங்கும்போது சட்னி எதில் வருகிறது, பூ வாங்கும்போது எதில் கட்டித் தருகிறார்கள் என்று பார்த்தால் தடை நடைமுறையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது விளங்கும். ஏற்கெனவே குவிந்துவிட்ட பிளாஸ்டிக்குக்குச் சாலை ஒரு வழி. புதிதாகக் குவிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இரண்டு சேலங்களையும் ஒப்பிட்டால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அங்கே ஊர் கேள்வி கேட்டது, பல்கலைக்கழகம் விடை தேடியது. இங்கே கல்லூரி விடையைக் கண்டுபிடித்துவிட்டு ஊரைத் தேடி அலைந்தது. நம் முறையில் ஆழம் அதிகம்; ஒரு பொருளை எடுத்து அதன் வேர் வரை போனார்கள், அதன் பயன் நாடு முழுவதும் பரவியது. ஆனால் அப்படி ஒரு வாசுதேவன் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. அவர்கள் முறைக்கு மேதை யாரும் வேண்டாம். ஒரு பட்டியலும், ஓர் ஆண்டும், பொறுப்பான ஓர் அலுவலரும் போதும். நம் ஊருக்கு அதுவே பொருத்தம் என்பேன். 1866-இல் நகராட்சியாகி, 1994-இல் மாநகராட்சியான ஊர் இது. 1966-இல் தொடங்கிய அரசினர் பொறியியற் கல்லூரியும், 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும் கருப்பூரில் இருக்கின்றன. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து அங்கே போக ஒரு டவுன் பஸ் போதும். ஆரிகன்காரர்கள் நூறு கிலோமீட்டர் போனார்கள்.

பட்டியலில் முதல் கேள்வியாக எதை எழுதலாம் என்று என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் சாலையைப் பற்றியே ஒன்றை எழுதுவேன். சாலை தேயும்போது அதிலுள்ள பிளாஸ்டிக் என்ன ஆகிறது? டயர் உரசிய தூளும் சாலைத் தூளும் மழையில் கழுவப்பட்டுச் சாக்கடை வழியே திருமணிமுத்தாற்றுக்குப் போகின்றன. அந்த ஆறு நாமக்கல் மாவட்டத்து வயல்களைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. தாரால் மூடப்பட்ட பிளாஸ்டிக் வெளியே வராது என்று சிலர் சொல்கிறார்கள்; காலப்போக்கில் நுண்துகளாக வரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நம் ஊரில் பிளாஸ்டிக் சாலை ஒன்றும் சாதாரணச் சாலை ஒன்றும் அருகருகே இருக்குமானால், இரண்டின் ஓரத்துச் சாக்கடை வண்டலையும் எடுத்து ஒப்பிடலாம். அதற்கு வேண்டியவை சில சல்லடைகள், ஒரு நுண்ணோக்கி, ஒரு மழைக்காலம், சாக்கடை மூடியைத் திறக்க மாநகராட்சியின் அனுமதி.